தட்டு மாற்றும் நேரத்தில் என் மூக்கு

என் மூக்கு எனக்கு மட்டும் சொந்தமாக இருந்தது மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பிக்கும் வரைக்கும்தான். அதற்கப்புறம் அது இரண்டு குடும்பங்களின் பொதுச் சொத்தாகிவிட்டது. வருகிறவர் போகிறவர் எல்லோரும் முதலில் என் மூக்கைப் பார்த்தார்கள், அப்புறம்தான் "நல்லாக்கீறியா?" என்று என்னைக் கேட்டார்கள்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அட்டைப்பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அட்டை வெட்டுகிற இடத்தில் காகிதத் தூள் பறந்துகொண்டே இருக்கும். மாஸ்க் கொடுக்கிறார்கள், நானும் போட்டுக்கொள்கிறேன், தூள் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. சேர்ந்த புதிதில் லேசான சளி என்று நினைத்தேன். அந்தச் சளி போகவே இல்லை. நெற்றியில் பாரம், கன்னத்தில் வலி, குனிந்தால் தலைக்குள் யாரோ செங்கல்லை இழுத்து நகர்த்துகிற மாதிரி ஒரு இடி. வாசனை என்பது அடியோடு போயிற்று. சாம்பார் அடிப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுத்துத்தான் எனக்குத் தெரியும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தும்மல்தான் பெரிய பேஜாரு. மற்றவர்களுக்கு வந்தால் நாலைந்து சேர்ந்தாற்போல வரும், முடிந்துபோகும். எனக்கு வருவது ஒன்றே ஒன்று. ஆனால் அந்த ஒன்றுக்கே அலமாரியில் இருக்கிற டம்ளரெல்லாம் ஆடும். வெளியே கிளம்பும்போதோ நல்ல காரியம் பேசும்போதோ யாராவது ஒற்றையாகத் தும்மிவிட்டால் காரியம் தடைபடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இரட்டையாகத் தும்மினால் தோஷமில்லை, நல்லது என்றுகூடச் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பி வண்டியை உதைக்கிற நேரம் பார்த்து எனக்கு ஒன்று வரும். மனுஷன் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டோடு உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்.

"இன்னொண்ணு போட்டுடுமே, புண்ணியமா போவும்" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கெஞ்சுவார். கேட்டால் வருமா அது? நான் என்ன, கடை வைத்துத் தும்மல் வியாபாரமா செய்கிறேன்?

இந்த லட்சணத்தில்தான் மகளுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. பையன் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். சொந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். சின்ன வயதிலேயே அவன் அம்மா தவறிவிட்டாள், அப்பாவும் பின்னாலேயே போய்விட்டார். தூக்கி வளர்த்து ஆளாக்கியது அவனுடைய அத்தை. அந்த வீட்டில் அந்த அம்மா வைத்ததுதான் சட்டம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். என் மகளுக்குப் பையனை போட்டோவிலேயே பிடித்துப்போயிற்று. வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் அந்த போட்டோ என் போனிலிருந்து அவள் போனுக்குப் போன வேகத்தை நான் பார்த்தேன்.

பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. என் மகள் காபி கொடுத்தாள், பையன் காபியைப் பார்க்காமல் அவளைப் பார்த்து வாங்கினான். கடைசியில் அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்களுக்குப் பொண்ண" என்று ஆரம்பித்தாள்.

நான் தும்மினேன்.

அத்தை திறந்த வாயை மூடிக்கொண்டாள். என் முகத்தையே பார்த்தாள், இரண்டாவது வருமா என்று. நானும் மூக்கைச் சுருக்கிப் பார்த்தேன், கண்ணை இடுக்கிப் பார்த்தேன். வரவில்லை. அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எழுந்திரு நைனா, போலாம்" என்றாள். பையன் என் மகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனான். தட்டில் கேசரி அப்படியே இருந்தது. என் மகள் அதைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் வைத்துவிட்டு, அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை.

போயிற்று என்றுதான் நினைத்தோம். ஆனால் அத்தையே போன் செய்தாள். பையன் பிடிவாதம் பிடித்திருப்பான் போல.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிக்கீதும்மா. நிச்சயம் வெச்சிக்கலாம். ஆனா ஒண்ணு, தட்டு மாத்துற நேரத்துல ஒத்தத் தும்மல் கேட்டுச்சின்னா நான் தட்ட கீழ வெச்சிட்டுப் பூடுவேன். கோச்சிக்காத. எங்க அண்ணன் நிச்சயத்துல ஒருத்தி இப்பிடித்தான் தும்முனா. யாரும் கண்டுக்கல. எங்க அண்ணி, இந்தப் பையன் நடக்கறதுக்கு முன்னயே போய்ச் சேந்துட்டா. நான் பாத்துக்கினே இருந்தேன்."

கடைசி வார்த்தை சொல்லும்போது அந்த அம்மா குரல் கம்மியது. அதற்கு மேல் நான் என்ன சண்டை போடுவது? "சரிங்க சம்பந்தியம்மா" என்று வைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் உடனே ஒரு வழி கண்டுபிடித்தார். அவருக்கு எல்லாவற்றுக்கும் சுலபமான வழி ஒன்று கைவசம் இருக்கும், அது எப்போதும் என் தலையில்தான் விடியும்.

"நீ உள்ள ரூம்ல குந்திக்கோ. நானும் எங்க அக்காவும் நின்னு தட்ட மாத்திடறோம். மாத்தினதும் வெளிய வந்துடு. அப்பால நீ எத்தினி வேணா தும்மிக்கோ."

எனக்கு வந்ததே கோபம்! "யோவ், பெத்தது நானா உங்க அக்காவா?" என்று கத்தினேன். மகளைப் பார்த்தேன், அவளாவது என் பக்கம் பேசுவாள் என்று.

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அஞ்சு நிமிசம்தானம்மா" என்றாள்.

அந்த ஐந்து நிமிடம் என்னைச் சுட்டுவிட்டது. அன்றைக்கு நான் விளக்கிய பாத்திரங்களில் ஒன்றிரண்டு இன்றும் நெளிந்துதான் கிடக்கின்றன. நிச்சயத்தில் தட்டை நீட்டுவது நாலு கை. அதில் இரண்டு பெற்றவளுடையது. அந்த இடத்தில் நான் நிற்கவேண்டும். என் மகளை நான் என் கையால் கொடுக்கவேண்டும். கதவுக்குப் பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து, வெளியே தவில் கொட்டுவதை வைத்து எல்லாம் முடிந்தது என்று தெரிந்துகொள்ளவா இத்தனை வருஷம் வளர்த்தேன்? முடியாது. மூக்கை ஒரு வழிக்குக் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன்.

அதுவரைக்கும் ஆவி பிடித்திருக்கிறேன், தைலம் தடவியிருக்கிறேன், நொச்சி இலையைத் தலையணைக்குள் திணித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். இந்த முறை லீவு போட்டுவிட்டுத் திருவள்ளூரில் ஒரு மூக்கு டாக்டரிடம் போனேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பெருமூச்சு விட்டார். சைனஸ், தூசி அலர்ஜி, ரொம்ப நாளாகப் பழுத்துக்கிடக்கிறது என்றார். ஸ்ப்ரே எழுதிக்கொடுத்தார். கூடவே தினமும் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும் என்றார்.

"மூக்க எப்பிடி சார் கழுவறது? கழட்டியா?"

அவர் சிரிக்கவில்லை. ஒரு மூக்கில் ஊற்றினால் இன்னொரு மூக்கு வழியாக வரும், அதற்கென்று பாட்டிலும் அளவு உப்புப் பாக்கெட்டும் மருந்துக்கடையில் கிடைக்கும், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் மட்டும்தான் என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அந்தக் கடைசிச் சமாசாரத்தை மட்டும் நான் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன். பாட்டிலும் பாக்கெட்டும் வாங்கவில்லை. உப்புக்குப் பாக்கெட்டா? நம்மை என்ன சமைக்கத் தெரியாதவள் என்று நினைத்துவிட்டாரா?

வீட்டுக்கு வந்து அலமாரியைக் குடைந்தேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பாலும் மருந்தும் புகட்டிய பாலாடை கிடைத்தது. எவர்சில்வரில் சின்னக் கிண்ணம், ஒரு பக்கம் நீண்டு குறுகிய மூக்கு. குழந்தை வாய்க்குச் சரியாக இருந்தது என் மூக்குக்குச் சரியாக இருக்காதா? நன்றாகப் புளி போட்டுத் தேய்த்து வெந்நீரில் போட்டு எடுத்தேன்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கச்சேரி ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் போனில் யாரோ எழுதி வைத்திருந்ததைப் படித்துச் சொன்னார்.

"தலைய ஒரு பக்கமா சாயி. வாயால மூச்சு வுடு. மேல் பக்க மூக்குல ஊத்து. கீழ் பக்க மூக்குல வரும்."

"வரலன்னா?"

"அது இதுல போடலமே."

உப்பு விஷயத்தில் எனக்கு யாரும் அளவு சொல்லவேண்டியதில்லை. கல்லுப்பைக் கையால் எடுத்துப் போட்டேன், கலக்கினேன், விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ரசத்துக்குக் கச்சிதமாக இருந்தது. தலையைச் சாய்த்தேன். ஊற்றினேன்.

ஐயோ! அதை எப்படிச் சொல்வது? நெற்றிக்குள் மிளகாய்ப்பொடியைக் கொட்டி யாரோ அரைத்தார்கள். கண் இருட்டியது. பாலாடை ஒரு பக்கம் பறந்தது, நான் ஒரு பக்கம் உட்கார்ந்தேன். தண்ணீர் இன்னொரு மூக்கு வழியாக வரவில்லை; வாய் வழியாக, தொண்டை வழியாக, காது வழியாகக்கூட வந்த மாதிரிதான் இருந்தது. "செத்தேன்டா சாமி" என்று நான் அலறியதில் எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"வந்துச்சா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த நாள் உப்பைக் குறைத்தேன். அதுவும் எரிந்தது, வேறு மாதிரி எரிந்தது. அப்புறம்தான் எனக்கு மூளை வேலை செய்தது. இத்தனை பெரிய மருந்தில் மஞ்சள் போடவில்லையே! புண்ணுக்கு மஞ்சள், சளிக்கு மஞ்சள், அம்மைக்கு மஞ்சள், மூக்கு மட்டும் என்ன பாவம் செய்தது? ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைப் போட்டு ஊற்றினேன். அன்றைக்கு முதல் தடவையாகத் தண்ணீர் ஒரு மூக்கில் போய் மறு மூக்கில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மஞ்சளின் மகிமை என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக வேலைக்குப் போனேன்.

அன்று எங்கள் லைனில் வெள்ளை அட்டைப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை என்றால் பால் வெள்ளை, கைரேகை பட்டால்கூடத் திருப்பி அனுப்புகிற கஸ்டமர். பெட்டியின் அடிப்பக்கம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நான் அவ்வப்போது குனிந்து பார்க்கவேண்டும். பார்த்தேன். பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கொஞ்ச நேரத்தில் குவாலிட்டியில் வேலை செய்கிற தம்பி ஓடி வந்தான்.

"அக்கா, லைன நிறுத்துங்க! பாக்ஸ்ல எல்லோ ஸ்டெயின் வருது!"

லைன் நின்றது. அதுவரை செய்த பெட்டியெல்லாம் ஓரம் கட்டப்பட்டது. பசைக் குழாய் கசிகிறதா என்று பார்த்தார்கள். மெஷின் எண்ணெய்யா என்று முகர்ந்தார்கள். மேலே ஏறிக் கூரையில் துரு ஒழுகுகிறதா என்றுகூடப் பார்த்தார்கள். மேனேஜரே வந்துவிட்டார். நானும் பொறுப்பான சூப்பர்வைசராகக் கையைக் கட்டிக்கொண்டு, "எங்கருந்து சார் வருது, ஒண்ணியும் புரியலயே" என்று சொல்லிக்கொண்டே ஒரு பெட்டியைக் குனிந்து பார்த்தேன். மாஸ்க்கின் ஓரமாகக் குளுகுளுவென்று ஏதோ இறங்கியது. பெட்டியின்மேல் சொட்டு சொட்டாக மஞ்சள். உள்ளே அரித்தது. தும்மினேன். மாஸ்க்கே மஞ்சளாகிவிட்டது.

மேனேஜர் என்னைப் பார்த்தார். குவாலிட்டித் தம்பி என்னைப் பார்த்தான். மேலே கூரையில் இருந்தவனும் கீழே எட்டிப் பார்த்தான்.

"சார், அது என் மூக்கு" என்றேன்.

எங்கள் கம்பெனியில் எந்தத் தப்பு நடந்தாலும், மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லியாகவேண்டும். அதற்குக் கரெக்டிவ் ஆக்‌ஷன் என்று பெயர். மேனேஜர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "இதுக்கு இன்னாம்மா கரெக்டிவ் ஆக்‌ஷன்?" என்று என்னையே கேட்டார். பாவம், அவர் படித்த படிப்பில் மூக்கு வராது.

கரெக்டிவ் ஆக்‌ஷனைச் சொன்னது பசை மெஷினில் வேலை செய்கிற என் தோழி. அவள் தம்பிக்கும் இதே வியாதி. அவன் கழுவுவதைப் பார்த்திருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டில் சிரித்துச் சிரித்துப் புரையேறிய பிறகுதான் அவளால் பேச முடிந்தது.

"மஞ்சள எவக்கா போடச் சொன்னா? மூக்கு இன்னா மீன் கொழம்பா? டாக்டர் சொன்ன பாக்கெட்ட வாங்கு. ஊத்தின அப்பால அப்பிடியே எழுந்து ஓடியாராத. குனிஞ்சி நில்லு. தலைய இந்தாண்ட சாயி, அந்தாண்ட சாயி, மெதுவா சீந்து. இல்லன்னா மிச்சத் தண்ணி உள்ளயே குந்திக்கினு இருக்கும். நீ எப்ப குனியறியோ அப்ப வரும். வரசொல்ல அரிப்பு எடுத்துத் தும்மலும் வரும்."

பாக்கெட் வாங்கினேன். உப்பு அளவாக விழுந்ததும் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்ல வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ஒரு நாள் நான் கல்லுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு, பாலாடையை மூக்கில் வைக்க இடம் தடவிக்கொண்டிருந்தபோது மகள் வந்து நின்றாள். என் கையிலிருந்து பாலாடையை வாங்கிக்கொண்டாள்.

"நேரா புடிக்கக்கூட வரல உனக்கு. குடு இப்பிடி. இது எனக்குப் பால் ஊத்துனதுதான?"

"ஆமா. நீ பாதிய துப்பிடுவ."

"நாளைக்கி எனக்குக் கொழந்த பொறந்தா இதுலயா ஊத்துவ?"

"சீ, புதுசு வாங்கிக்கலாம்."

அவள் இடது கையால் என் நெற்றியைத் தாங்கிக்கொண்டு ஊற்றினாள். சிந்தாமல், நிதானமாக ஊற்றினாள். ஒரு மூக்கு முடிந்ததும் தலையை மறுபக்கம் திருப்பிவிட்டாள். நான் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு எதுவும் பேசமுடியாமல் இருந்தேன், அதுதான் சமயம் என்று அவள் சொன்னாள்: "அஞ்சு நிமிசம்னு சொல்லியிருக்கக்கூடாதும்மா." பதில் சொல்லப் போய்த் தண்ணீர் வாய்க்குள் போய்விட்டது. பாதியைத் துப்பினேன்.

அன்றிலிருந்து தினமும் அவள்தான் ஊற்றினாள். நெற்றிப் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு காலையில் கம்பெனிக்குள் நுழைந்தபோது கஞ்சி வாசம் அடித்தது. யார் கஞ்சி காய்ச்சுகிறார்கள் என்று சுற்றிப் பார்த்தேன்; அட்டை ஒட்டுகிற மாவுப் பசை! இத்தனை வருஷம் அதன் பக்கத்திலேயே நின்று வேலை செய்திருக்கிறேன், அதற்கு வாசம் உண்டென்று தெரியாது. மல்லிகை, பெட்ரோல், காய்ந்த கருவாடு என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. என் வீட்டுக்காரரின் ஹெல்மெட்டும் திரும்பி வந்தது. அதை அன்றே சோப்பு போட்டு ஊறவைத்தேன். தும்மல் அபூர்வமாகிவிட்டது. அவர் நிம்மதியாக, ஒரே தடவையில் வேலைக்குக் கிளம்பினார்.

ஆனாலும் நிச்சயத்தன்று காலையில் பாலாடையைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு மாடி ஹாலைப் பிடித்திருந்தோம். மகளுக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்ததால் நானே பாத்ரூமுக்குள் போய்ப் பாலாடையைப் பிடித்தேன். ஊற்றி முடித்துக் குனிந்து நிற்பதற்குள் கதவைத் தட்டினார் என் வீட்டுக்காரர்.

"இன்னாமே, உள்ளயே குந்திக்கினு கீற! மாப்பிள்ள ஊட்டு வேன் வந்துடிச்சி!"

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். பள்ளிப்பட்டிலிருந்து வந்த வேன், ரோட்டுப் புழுதியை முழுக்க வாங்கிக்கொண்டு வந்து நின்றிருந்தது. அத்தை அரக்குப் பட்டில் இறங்கினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், பார்வை மட்டும் என் மூக்கில் வந்து நின்றது.

பத்திரிகை வாசித்து முடித்தார்கள். தட்டு மாற்றுகிற நேரம். என் வீட்டுக்காரருக்கு மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. பக்கத்து அறையைக் கண்ணால் காட்டினார். நான் பார்க்காத மாதிரி நின்றேன். அவர் தொண்டையைக் கனைத்தார். அப்போது பாயில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, கம்முனு இரு. அம்மா இங்கதான் நிக்கும்."

தட்டைத் தூக்கிக்கொண்டு அவரோடு நின்றேன். எதிரே அம்மா அப்பா இடத்தில் அத்தையும், அவள் புருஷனும். அத்தை கையிலிருந்த தட்டில் வெற்றிலைபாக்கு, பூ, தேங்காய், எலுமிச்சம்பழம், ஒரு சீப்பு வாழைப்பழம். பழத்தில் கொத்தாக ஊதுவத்தியைக் குத்தி வைத்திருந்தார்கள். புகை நேராக அந்த அம்மா முகத்துக்கே போய்க்கொண்டிருந்தது. என் மூக்கு துளிகூட அரிக்கவில்லை. அத்தை என் மூக்கையே பார்த்துக்கொண்டு தட்டை நீட்டினாள்.

நீட்டியவள் தும்மினாள்.

ஒன்று. ஒற்றை. தவில்காரர் ஓங்கிய குச்சியை அப்படியே நிறுத்தினார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வாங்கிக்கட்டிக்கோ என்று மனசுக்குள் துள்ளினேன். அப்புறம் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ரத்தம் வடிந்த மாதிரி வெளுத்துப்போயிருந்தது. "நானே பண்ணிட்டனே" என்று முணுமுணுத்தாள். மூக்கைச் சுருக்கிச் சுருக்கி இரண்டாவதுக்கு முயற்சி செய்தாள். அது வராது அம்மா, கேட்டால் வராது. எனக்குத் தெரியாதா?

"வேணாம்" என்றாள் அத்தை. "தட்ட கீழ வெச்சிடலாம். இன்னொரு நாள் பாத்துக்கலாம். புள்ளங்களுக்கு ஒண்ணு ஆவக்கூடாது."

என் மகளின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. மாப்பிள்ளைப் பையன் எழுந்தே நின்றுவிட்டான். இன்னொரு நாள் என்றால் இன்னொரு பயம், இன்னொரு சகுனம். இந்தக் கல்யாணம் அப்படியே தேய்ந்துபோகும். இன்னும் ஒரே ஒரு தும்மல் வேண்டும். ஹாலில் அத்தனை மூக்கு இருந்தும் தும்மல் கைவசம் உள்ளவள் நான் ஒருத்திதான். இத்தனை வருஷம் வேண்டாத இடத்திலெல்லாம் வந்தாயே, இப்போது வா! ட்யூப்லைட்டை முறைத்துப் பார்த்தேன். ஊதுவத்திப் புகையை இழுத்தேன். சந்தன வாசம்தான் வந்தது, நல்ல உயர்ந்த சந்தனம். பாழாய்ப்போன மூக்கு பளிங்கு மாதிரி சுத்தமாக இருந்தது. கழுவிக் கழுவி நானே கெடுத்துவைத்திருந்தேன்.

அத்தையின் தட்டு சரிந்தது. எலுமிச்சம்பழம் உருண்டு என் காலடியில் வந்து நின்றது. நல்ல காரியத்துப் பழம் தரையில் கிடக்கக்கூடாதே என்று, என் தட்டை என் வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டு, குனிந்தேன்.

காலையில் குனிந்து இறக்காமல் வந்த தண்ணீர் எங்கேயோ நெற்றிக்குள் குந்தியிருந்தது. குளுகுளுவென்று இறங்கியது. அரித்தது. நான் வாயைப் பொத்தவில்லை. உடம்பு முழுக்கச் சேர்த்து, கையில் எலுமிச்சம்பழத்தோடு, ஹால் அதிர ஒன்று போட்டேன்.

"போட்டுட்டா!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர், இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துக்கொண்டு. "இன்னொண்ணு போட்டுட்டா! ரெட்ட! ரெட்டத் தும்மலு!"

அத்தை திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "ஜோடி ஆயிடிச்சா?" என்று குழந்தை மாதிரி கேட்டாள்.

"ஆயிடிச்சி சம்பந்தியம்மா. உங்க ஊட்டுது ஒண்ணு, எங்க ஊட்டுது ஒண்ணு."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஹாலே சிரித்தது. தவில்காரர் ஓங்கிய குச்சியை இறக்கிக் கொட்டினார். நான் என் தட்டை என் கையில் வாங்கி, என் கையால் நீட்டினேன். அத்தை வாங்கிக்கொண்டாள். அவள் நீட்டியதை நான் வாங்கினேன்.

மூக்குத் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. உதட்டோரமாக வழிந்து முகவாயில் சொட்டியது. கையில் தட்டு, துடைக்க வழியில்லை. அத்தை அதைப் பார்த்துவிட்டாள். தட்டைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, அந்த அரக்குப் பட்டு முந்தானையை இழுத்து என் முகத்தைத் துடைத்தாள்.

"அழுவாதம்மா. பெத்த வயிறு, தெரியுது. உன் பொண்ண நான் கண்ணாட்டம் பாத்துக்குவேன்."

ஐயோ, பட்டு! அது கண்ணீர் இல்லை சம்பந்தியம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. எனக்கு அழுகைதான் வந்தது. அத்தை விடாமல் துடைத்தாள். கண்ணீரோ மூக்குத் தண்ணீரோ, இரண்டும் உப்புத் தண்ணீர்தானே. எது எவ்வளவு என்று அந்தப் பட்டுப்புடவைக்கு இன்று வரைக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.